ஜெர்மனியில் பல்கலைக்கழகப் படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியில் முதுநிலைப் படிப்பை முடித்துவிட்டு இங்கேயே வேலை பார்க்கிறேன். பொறியியல் மூன்றாம் ஆண்டில் இருக்கும் பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர், இங்கே பல ஆண்டுகளாக வாழும் ஈழத்துக் குடும்பங்களின் அம்மாக்கள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. கேட்டவர்களின் வார்த்தைகளை முடிந்தவரை அப்படியே வைத்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கல்லூரியை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த நாட்டின் படிப்பைப் பார்ப்பதால்தான் பெரும்பாலான குழப்பங்கள் வருகின்றன. நம் ஊரில் கல்லூரி நம் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும். இங்கே விதிகளை எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு எல்லா முடிவும் நம்முடையது. அந்த விதிகளைப் படிக்காமல் வந்து தவித்த பிள்ளைகளைப் பார்த்த வேதனையில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அக்கா, அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் கல்லூரிகள் இருப்பதுபோல அங்கேயும் இருக்குமா?

இருக்காது. இணைப்புக் கல்லூரி என்ற ஏற்பாடே ஜெர்மனியில் இல்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கான பாடத்திட்டத்தைத் தானே வகுத்து, தானே நடத்தி, தானே பட்டம் தருகிறது. பாடம் நடத்தும் பேராசிரியரே வினாத்தாளை எழுதுகிறார், அவரே திருத்துகிறார். எங்கோ ஓர் அலுவலகத்திலிருந்து முத்திரையிட்ட உறையில் வினாத்தாள் வருவதில்லை. ஆராய்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் சுதந்திரம் உண்டு என்பது ஜெர்மனியின் அரசியல் சட்டத்தில் 5-ஆம் பிரிவிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இன்னொன்று, கல்வி இங்கே மாநிலங்களின் அதிகாரத்தில் இருக்கிறது. மொத்தம் 16 மாநிலங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உயர்கல்விச் சட்டம். அதனால் பவேரியாவில் இருக்கும் விதி பெர்லினில் இல்லாமல் போகலாம். "ஜெர்மனியில் இப்படித்தான்" என்று யாராவது அடித்துச் சொன்னால், எந்த மாநிலம், எந்தப் பல்கலைக்கழகம் என்று கேளுங்கள். நான் இங்கே சொல்பவற்றுக்கும் அது பொருந்தும்.

யூனிவெர்சிடேட், டெக்னிஷே யூனிவெர்சிடேட், ஹோக்ஷூலே என்று பல பெயர்கள் இருக்கின்றன. ஹோக்ஷூலே என்றால் உயர்நிலைப் பள்ளியா?

இல்லை. சொல்லைப் பிரித்தால் 'உயர் பள்ளி' என்றுதான் வரும். ஆனால் உயர்கல்வி நிறுவனம் எதையும் குறிக்கும் பொதுச் சொல் அது. மகனுக்கு இடம் கிடைத்த கடிதத்தைப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்களே" என்று கலங்கிப்போய் என்னை அழைத்த ஓர் அப்பாவை மறக்கவே முடியாது.

நாடு முழுவதும் 400-க்கும் மேற்பட்ட உயர்கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன. பழைய, முழுமையான பல்கலைக்கழகங்கள் ஒரு வகை. இன்றைய ஜெர்மனியின் எல்லைக்குள் இவற்றில் மூத்தது 1386-ல் தொடங்கிய ஹைடல்பெர்க். தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களும் இதே வகைதான், பொறியியலுக்கும் அறிவியலுக்கும் கூடுதல் எடை கொடுப்பவை. ஓவியத்துக்கும் இசைக்கும் தனி நிறுவனங்கள் உண்டு. மற்றொரு பெரிய வகை, 1960-களின் இறுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும் உருவான ஃபாக்ஹோக்ஷூலே. இப்போது இவற்றில் பல 'செயல்முறை அறிவியல் உயர்கல்வி நிறுவனம்' என்ற பொருளில் ஹோக்ஷூலே என்று மட்டும் தங்களை அழைத்துக்கொள்கின்றன. இனி நான் ஹோக்ஷூலே என்று சொல்வது இந்த வகையைத்தான். இவற்றில் பேராசிரியராக வருபவர் பல ஆண்டுகள் தொழில்துறையில் வேலை பார்த்திருக்க வேண்டும். வகுப்புகள் சிறியவை, பயிற்சி அதிகம், ஒரு செமஸ்டர் முழுக்க நிறுவனத்தில் வேலை செய்வது பல படிப்புகளில் கட்டாயம்.

பட்டத்தின் சட்ட மதிப்பு இரண்டிலும் ஒன்றே. கார் தொழிற்சாலையில் வேலைக்குப் போக விரும்பும் பிள்ளைக்கு நல்ல ஹோக்ஷூலே எந்த வகையிலும் குறைவில்லை. சில நேரம் அதுவே மேல் என்பது என் கருத்து. ஆராய்ச்சிக்குப் போக விரும்புபவர்கள் மட்டும் கீழே முனைவர் பட்டம் பற்றிய பதிலையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உண்மையிலேயே கட்டணம் கிடையாதா? ஏதோ மறைத்துச் சொல்வதுபோல இருக்கிறதே?

அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான படிப்புகளுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. உள்நாட்டு மாணவருக்கு இல்லை. வெளிநாட்டு மாணவருக்கும் பெரும்பாலான மாநிலங்களில் இல்லை. மறைக்க ஒன்றுமில்லை, செலவை மாநில அரசு மக்களின் வரிப்பணத்திலிருந்து ஏற்கிறது. ஆனால் இது தானாகக் கிடைத்த ஏற்பாடு அல்ல. 2005-ல் அரசியல் சட்ட நீதிமன்றம், மாநிலங்கள் விரும்பினால் கட்டணம் வாங்கலாம் என்று தீர்ப்பளித்தது. உடனே ஏழு மாநிலங்கள் செமஸ்டருக்கு 500 யூரோ வரை வாங்கத் தொடங்கின. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். பவேரியாவில் 2013-ல் மக்கள் வரிசையில் நின்று கையெழுத்திட்டே அந்தக் கட்டணத்தை நீக்கவைத்தார்கள். கடைசியாக 2014-ல் லோயர் சாக்சனியும் கைவிட்டது. வாங்கத் தொடங்கிய கட்டணத்தை ஒரு நாடே திரும்பப் பெற்றது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை வருகிறது.

விதிவிலக்குகளைக் கவனியுங்கள். ஸ்டுட்கார்ட், ஹைடல்பெர்க், கார்ல்ஸ்ரூஹே எல்லாம் இருக்கும் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து புதிதாகச் சேரும் நம்மைப் போன்றவர்களிடம் கட்டணம் வாங்குகிறது. முதுநிலைக்கு, படிப்பைப் பொறுத்து, செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ. தனியார் நிறுவனங்கள் கட்டணத்தில்தான் நடக்கின்றன.

எல்லோரும் கட்ட வேண்டியது செமஸ்டர் பங்களிப்பு. இடத்துக்கு இடம் மாறும். 100 யூரோவிலிருந்து 400 யூரோ வரை வைத்துக்கொள்ளுங்கள். இதில் மாணவர் நல அமைப்புக்கு ஒரு பகுதி போகிறது. மென்ஸா என்று சொல்லப்படும் மலிவு விலை உணவகத்தையும் மாணவர் விடுதிகளையும் நடத்துவது அந்த அமைப்புதான். பல ஊர்களில் பஸ், ரயில் பயணச்சீட்டும் இந்தத் தொகைக்குள் அடங்கிவிடும்.

கட்டணம் இல்லை என்றால் வங்கியில் ஏன் பத்து லட்சத்துக்கு மேல் போடச் சொல்கிறார்கள்?

அது உங்கள் பணம், உங்கள் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும். விசா வாங்கும்போது ஓராண்டுச் செலவுக்கு வழி இருக்கிறது என்று காட்டத் தனிக் கணக்கில் முழுத் தொகையும் போட வேண்டும். இங்கே வந்தபின் மாதாமாதம் ஒரு பங்குதான் எடுக்க முடியும். 2024 செப்டம்பரிலிருந்து இந்தத் தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992 யூரோ. அவ்வப்போது உயர்த்துவார்கள், விண்ணப்பிக்கும்போது தூதரகம் சொல்லும் தொகையைப் பாருங்கள்.

பகுதிநேர வேலையை நம்பி இந்தத் தொகையைக் கடன் வாங்கிக் காட்டிவிட்டு வருபவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் வேலை கிடைக்க மாதங்கள் ஆகலாம். முதல் செமஸ்டரில் வேலையே செய்யாமல் இருப்பதுதான் நல்லது. ஏன் என்பது தேர்வு பற்றிய பதிலில் புரியும்.

எப்போது சேரலாம்? நம் ஊர்போல ஜூன், ஜூலையா?

குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை, கோடைக்கால செமஸ்டர் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. ஹோக்ஷூலேக்களில் பெரும்பாலும் ஒரு மாதம் முன்னதாகவே தொடங்கிவிடும். பாடம் நடப்பது அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை, பிறகு ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை நடுவரை. இடைப்பட்ட காலத்தை விடுமுறை என்று நினைத்துவிடாதீர்கள். தேர்வுகள் பெரும்பாலும் அப்போதுதான் வரும்.

பல படிப்புகள் அக்டோபரில் மட்டுமே ஆளெடுக்கும். பொதுவாக ஜூலை 15 வரை விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டு மாணவர்களுக்கான கடைசி நாள் பல இடங்களில் அதைவிட மாதக்கணக்கில் முந்தியது. இந்தியச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் என்ற சான்று 2022 நவம்பரிலிருந்து விசாவுக்குக் கட்டாயம். அதற்கும் வாரக்கணக்கில் ஆகும் என்பதால் ஓராண்டுக்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

இளநிலை எத்தனை வருடம், முதுநிலை எத்தனை வருடம்? கிரெடிட் என்பது என்ன கணக்கு?

பொதுவாக இளநிலை ஆறு செமஸ்டர், 180 கிரெடிட். முதுநிலை நான்கு செமஸ்டர், 120 கிரெடிட். இளநிலை ஏழு செமஸ்டராகவும் முதுநிலை மூன்று செமஸ்டராகவும் இருப்பது உண்டு. இரண்டையும் கூட்டினால் வழக்கமாக 300. ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டுமல்ல, வீட்டில் படிப்பது, கணக்குப் போடுவது, தேர்வு எழுதுவது எல்லாம் இதில் அடக்கம். 6 கிரெடிட் பாடத்துக்கு வாரம் இரண்டு வகுப்புதானே என்று எண்ணுபவர்கள், மீதி நூறு மணி நேரத்துக்கு மேல் தாங்களாகவே படிக்க வேண்டியிருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இந்த அமைப்பு புதியது. 1999-ல் இத்தாலியின் பொலோனியா நகரில் 29 ஐரோப்பிய நாடுகள் கையெழுத்திட்டதன் விளைவாக வந்தது. அதற்கு முன் இங்கே ஐந்து ஆண்டு போலத் தொடர்ந்து படித்து டிப்ளோம் அல்லது மகிஸ்டர் வாங்குவார்கள். நம் ஊர் டிப்ளமோவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த டிப்ளோம் முதுநிலைக்குச் சமமானது. வயதான ஜெர்மன் பொறியாளர்கள் அதை இழந்ததை இன்னும் ஏக்கத்தோடு பேசுவார்கள். டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சில பொறியியல் படிப்புகளில் அது இன்றும் இருக்கிறது.

மருத்துவமும் சட்டமும் கூட இப்படித்தானா?

இல்லை. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், சட்டம் ஆகியவற்றில் இளநிலை, முதுநிலை என்ற பிரிவு பொதுவாகக் கிடையாது. இறுதியில் அரசுத் தேர்வு எழுத வேண்டும். மருத்துவம் ஆறு ஆண்டும் மூன்று மாதமும். கடைசி ஆண்டு முழுக்க மருத்துவமனையில். சட்டம் படிப்பவர் முதல் தேர்வுக்குப் பிறகு இரண்டு ஆண்டு நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் பயிற்சி பெற்று, இரண்டாம் தேர்வும் எழுதினால்தான் நீதிபதியோ வழக்கறிஞரோ ஆகலாம்.

மருத்துவத்துக்கு இடம் கிடைப்பது இங்கேயும் கடினம். பள்ளி இறுதி மதிப்பெண்ணுக்கு 30 சதவீத இடங்கள், மதிப்பெண் சாராத தகுதிகளுக்கு 10 சதவீதம், மீதி 60 சதவீதம் பல்கலைக்கழகங்களே பல அளவுகோல்களால் தேர்ந்தெடுப்பவை. பள்ளி மதிப்பெண்ணுக்கு மட்டும் அளவுக்கு மீறி எடை தரக் கூடாது என்று 2017-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் சொன்ன பிறகு, 2020-ல் வந்த முறை இது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு மிகச் சிறிய பங்குதான். படிப்பு முழுக்க ஜெர்மன் மொழியில். "ஜெர்மனியில் ஆங்கிலத்தில் இலவசமாக மருத்துவம்" என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிளஸ் டூ முடித்தவுடன் நேராக அங்கே இளநிலையில் சேர முடியுமா?

பிளஸ் டூ மட்டும் வைத்துக்கொண்டு நேரடியாகச் சேர்வது வழக்கமாக முடியாது. இங்கே பல்கலைக்கழகத்துக்கான சாவி ஆபிட்டூர் என்ற பள்ளி இறுதித் தேர்வு. நம் பிளஸ் டூவை அதற்கு முழுச் சமமாக அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. இந்தியாவில் அதே துறையில் ஓராண்டு இளநிலை படித்துத் தேறியிருந்தாலோ, ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியிருந்தாலோ தொடர்புடைய துறைகளில் கதவு திறக்கும். இல்லாவிட்டால் ஸ்டூடியன்கொலெக் என்ற ஓராண்டு ஆயத்தப் படிப்பு; அதன் இறுதியில் ஒரு தகுதித் தேர்வு.

ஆனால் இளநிலை படிப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். பதினெட்டு வயதில் ஓராண்டுக்குள் மொழியையும் கற்று, அதிலேயே கணிதமும் படிப்பது பெரும்பாடு. இளநிலையை ஊரில் நன்றாக முடித்துவிட்டு முதுநிலைக்கு வாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

எது நம்பர் ஒன் பல்கலைக்கழகம்? ஐஐடி மாதிரி எது?

இந்தக் கேள்விக்கு என் ஜெர்மன் நண்பர்களால் பதில் சொல்லவே முடிவதில்லை; அப்படி நினைத்துப் பழகவில்லை. 1810-ல் வில்ஹெல்ம் ஃபொன் ஹும்போல்ட்டின் எண்ணத்தில் பெர்லின் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டதிலிருந்து, ஆராய்ச்சியும் கற்பித்தலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான கொள்கை. அரசு சில பல்கலைக்கழகங்களுக்கு மேன்மைத் திட்டம் என்ற பெயரில் கூடுதல் நிதி தருகிறது என்பது உண்மை. 2019-ல் ஆகென், பான், டிரெஸ்டன், ஹாம்பர்க், ஹைடல்பெர்க், கார்ல்ஸ்ரூஹே, கொன்ஸ்டான்ஸ், மியூனிக்கின் இரண்டு பல்கலைக்கழகங்கள், டூபிங்கன், பெர்லினின் கூட்டமைப்பு ஆகியவை தேர்வாயின. அது ஆராய்ச்சிக்கான நிதி. முதலாம் ஆண்டுக் கணித வகுப்பு அங்கே சிறப்பாக இருக்கும் என்பதற்கான சான்று அல்ல.

சிறிய ஊரை ஒதுக்காதீர்கள். வாடகை குறைவு, பேராசிரியர் உங்கள் பெயரைத் தெரிந்துவைத்திருப்பார். ஹாலே என்ற ஊரில் இடம் கிடைத்த ஒரு தம்பி, "பெயரே கேள்விப்பட்டதில்லை அக்கா" என்று தயங்கினான். தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்கு படித்த ஊர் அது; அவர் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ல் அச்சானதும் அங்கேதான். நமக்கும் அந்த ஊருக்கும் முந்நூறு வருடப் பழக்கம் என்று சொன்னேன். போய்ச் சேர்ந்தான்.

பெயர் முக்கியமில்லை என்றால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

இரண்டு ஆவணங்களை. ஒன்று ப்ரூஃபுங்ஸ்ஓர்ட்னுங், அதாவது தேர்வு விதிமுறை. மற்றொன்று மோடூல்ஹாண்ட்புக், அதாவது பாடக் கையேடு. ஒவ்வொரு படிப்புக்கும் இவை இரண்டும் அந்தந்தத் துறையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். கையேட்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பக்கம் இருக்கும்: என்ன கற்பீர்கள், எத்தனை கிரெடிட், முன்னதாக எது தெரிந்திருக்க வேண்டும், தேர்வு எழுத்திலா வாய்மொழியிலா, எந்த மொழியில், எந்த செமஸ்டரில் மட்டும் நடக்கும்.

தமிழ்நாட்டில் பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்து ஏஜென்ட் தந்த பட்டியலைவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மூன்று கையேடுகளைப் படிப்பது அதிகம் சொல்லித்தரும். என் தோழி ஒருத்தி ரோபோக்கள் பற்றிய படிப்பு என்று நம்பி ஒரு முதுநிலையில் சேர்ந்தாள். தலைப்பில் அந்தச் சொல் இருந்தது. கையேட்டில் அந்தப் பாடம் ஒன்றே ஒன்று, அதுவும் விருப்பப் பாடம். இரண்டு வருடம் போனது.

எனக்கு 85 சதவீதம், நிராகரித்துவிட்டார்கள். 70 வாங்கிய நண்பனுக்கு இடம் கிடைத்தது. எப்படி?

முதுநிலை சேர்க்கையில் மதிப்பெண்ணுக்கு முன் வேறொன்றைப் பார்க்கிறார்கள்: உங்கள் இளநிலையில் அவர்கள் கேட்கும் பாடங்கள், அவர்கள் கேட்கும் அளவில் இருந்தனவா என்று. கணிதம் இத்தனை கிரெடிட், இயந்திரவியல் இத்தனை, நிரலாக்கம் இத்தனை என்று சேர்க்கை விதியில் எழுதியிருப்பார்கள். அந்தக் கட்டத்தில் ஒன்று விடுபட்டாலும் 95 சதவீதம்கூட உதவாது. உங்கள் நண்பரின் பாடங்கள் பொருந்தியிருக்கும்.

உங்கள் இளநிலைப் பாடத்திட்டத்தை எடுத்துவைத்துக்கொண்டு, பாடத்துக்குப் பாடம் ஒப்பிட்டு ஓர் அட்டவணை செய்யுங்கள். பாடத்தின் பெயர் வேறாக இருந்து உள்ளடக்கம் ஒன்றாக இருந்தால், பாடத்திட்டத்தின் பக்கத்தையே இணைத்து அனுப்புங்கள். பெயரை மட்டும் பார்த்துத் தள்ளப்படும் விண்ணப்பங்கள் உண்டு.

என் சிஜிபிஏ 8.2. ஜெர்மன் மதிப்பெண்ணில் எவ்வளவு?

இங்கே 1.0 சிறந்தது, 4.0 தேர்ச்சியின் எல்லை, 5.0 தோல்வி. எண் குறையக் குறைய நல்லது என்பது பழக வேண்டிய முதல் விஷயம். மாற்றுவதற்கு பவேரியச் சூத்திரத்தின் திருத்திய வடிவத்தைப் பயன்படுத்துவார்கள். அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்களுடையதைக் கழியுங்கள். அதை, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள்.

உங்கள் பல்கலைக்கழகத்தில் அதிகபட்சம் 10, தேர்ச்சி 5 என்றால்: 1.8-ஐ 5-ஆல் வகுத்தால் 0.36, மூன்றால் பெருக்கினால் 1.08, ஒன்றைக் கூட்டினால் 2.08. தேர்ச்சி 4 என்று எடுத்தால் விடை 1.9. இரண்டுக்கும் உள்ள இடைவெளி சில இடங்களில் சேர்க்கையையே தீர்மானிக்கும். அதனால் குறைந்தபட்சத் தேர்ச்சி எது என்று மதிப்பெண் பட்டியலின் பின்புறத்திலோ தனிக் கடிதத்திலோ தெளிவாக இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டுமா? வகுப்பு எப்படி இருக்கும்?

பெருவகுப்புகளில் பெரும்பாலும் வருகைப்பதிவே இல்லை. ஃபோர்லேசுங் என்பது பேராசிரியர் நிகழ்த்தும் விரிவுரை, நூற்றுக்கணக்கானோர் இருக்கலாம். ஊபுங் என்பது கணக்குப் போடும் பயிற்சி வகுப்பு. செமினாரில் மாணவரே கட்டுரை எழுதிப் பேச வேண்டும். ஆய்வகத்துக்கும் செமினாருக்கும் மட்டும் வருகை கட்டாயமாக இருக்கும்.

அட்டவணையில் 10 மணி என்று போட்டு அருகே 'சி.டி.' என்றிருந்தால் வகுப்பு 10.15-க்குத் தொடங்கும், 'எஸ்.டி.' என்றிருந்தால் சரியாக 10-க்கு. முதல் நாள் 9.50-க்கே போய் வெறும் அரங்கில் தனியாக உட்கார்ந்து, இடம் மாறி வந்துவிட்டேனோ என்று பயந்தது நினைவிருக்கிறது. பத்தேகால் ஆவதற்குள் அரங்கு நிரம்பிவிட்டது. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் விரல் முட்டிகளால் மேசையைத் தட்டினார்கள். அந்தச் சத்தம்தான் இங்கே கைதட்டல்.

கட்டாயமில்லை என்பதால் ஊபுங்கைத் தவறவிடாதீர்கள். தேர்வில் வருவது பெரும்பாலும் அங்கே போடும் கணக்குகளின் வழிதான்.

அரியர் வைத்தால் என்ன ஆகும்? எத்தனை முறை எழுதலாம்?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான பதில் இதுதான். நம் ஊரில் அரியர் எத்தனை வைத்தாலும் பின்னால் எழுதிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருக்கிறது. இங்கே ஒரு பாடத்துக்குப் பொதுவாக மூன்று முயற்சிகள், சில இடங்களில் இரண்டே. கட்டாயப் பாடம் ஒன்றில் கடைசி முயற்சியும் தோற்றால் 'இறுதியாகத் தேறவில்லை' என்று எழுதிவிடுவார்கள். அத்தோடு அந்தப் படிப்பே முடிந்தது; மற்ற எல்லாப் பாடத்திலும் 1.0 இருந்தாலும் சரி.

பெரும்பாலான பாடங்களில் உள்மதிப்பெண் கிடையாது. ஒரு பாடத்துக்கு ஒரு தேர்வு, அதுவே முழு மதிப்பெண். தேர்வுக்கு நீங்களேதான் இணையத்தில் பதிய வேண்டும். தேதி தாண்டினால் உள்ளே விட மாட்டார்கள். பதிந்தபின் உரிய காலத்துக்குள் விலகாமல், போகாமலும் இருந்தால் 5.0 விழும், ஒரு முயற்சி போய்விடும். உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கே மருத்துவச் சான்று வாங்கி உடனே அனுப்புங்கள்.

வாய்மொழித் தேர்வு பல முதுநிலைகளில் உண்டு. என் முதல் தேர்வில் அறைக்குள் மூன்று பேர்: பேராசிரியர், குறிப்பெடுக்கும் உதவியாளர், நான். வெற்றுத் தாளை என் பக்கம் நகர்த்தி, ஒரு வரைபடம் போடச் சொன்னார். போட்டேன். கோட்டின் ஓர் இடத்தில் பேனாவை வைத்து, "இங்கே ஏன் வளைகிறது?" என்று கேட்டார். சூத்திரத்தைச் சொன்னேன். "சூத்திரம் இருக்கட்டும், உலோகத்துக்குள் என்ன நடக்கிறது?" என்றார். அரை மணி நேரமும் அந்த ஒரு வளைவைச் சுற்றித்தான். பிறகு ஐந்து நிமிடம் வெளியே நிற்கச் சொல்லி, உள்ளே அழைத்து 2.3 என்றார், எங்கே தடுமாறினேன் என்பதையும் விளக்கினார். மனப்பாடம் எந்த இடத்தில் கைவிடும் என்பதை அன்று கண்டேன்.

முனைவர் பட்டத்துக்கு நுழைவுத் தேர்வு உண்டா? ஹோக்ஷூலேயில் படித்தால் முடியாதாமே?

பொதுவான நுழைவுத் தேர்வு இல்லை. உங்களை ஏற்றுக்கொள்ளும் பேராசிரியர் ஒருவரைக் கண்டுபிடிக்க வேண்டும். அவரை 'முனைவர் தந்தை', பெண்ணாக இருந்தால் 'முனைவர் தாய்' என்றே ஜெர்மனில் சொல்வார்கள். அறிவியல், பொறியியலில் பெரும்பாலும் இது சம்பளத்துடன் கூடிய வேலை. நாளிதழ் விளம்பரம்போல இடங்களை அறிவிப்பார்கள், விண்ணப்பித்து நேர்காணலுக்குப் போக வேண்டும். முழுச் சம்பளம் எல்லாத் துறையிலும் கிடையாது, பாதி, முக்கால் பங்கு வேலையாகவும் இருக்கும்.

ஹோக்ஷூலேயின் முதுநிலையை வைத்துப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர முடியும். சில துறைகள் கூடுதலாகச் சில பாடங்கள் எழுதச் சொல்லும். ஹோக்ஷூலேக்களுக்குத் தாமே முனைவர் பட்டம் தரும் உரிமை நெடுங்காலம் இல்லாமல் இருந்தது. ஹெஸ்ஸே மாநிலம் 2016-ல் ஃபுல்டா ஊரின் ஹோக்ஷூலேக்கு அதைக் கொடுத்தது. இப்போது வேறு சில மாநிலங்களும் அந்த வழியில் போகின்றன.

பிள்ளைக்குப் பத்து வயது. ஆசிரியர் ரெயால்ஷூலேக்குப் போகச் சொல்கிறார். இனிப் பல்கலைக்கழகம் இல்லையா, தங்கச்சி?

இங்கே வாழும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் கண்கலங்கக் கேட்டது. பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறார்கள். பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் ஆறாம் வகுப்புக்குப் பிறகு. ஆபிட்டூர் வரை நேராகப் போகும் பள்ளி கிம்னாசியும்; பத்தாம் வகுப்போடு முடியும் பள்ளி ரெயால்ஷூலே. பத்து வயதில் ஒரு குழந்தையின் பாதையைக் குறிப்பது எனக்கு ஒப்பாத ஒன்று. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கு அது கூடுதலாக வலிக்கும்.

ஆனால் கதவு மூடவில்லை. ரெயால்ஷூலேயில் பத்தாம் வகுப்பை நன்றாக முடித்தால் கிம்னாசியத்தின் மேல் வகுப்புகளுக்குப் போகலாம். இன்னொரு வழி, தொழில்சார் மேல்நிலைப் பள்ளியில் படித்து ஹோக்ஷூலேக்கான தகுதியைப் பெறுவது. தொழிற்பயிற்சி முடித்து, மைஸ்டர் என்ற உயர்நிலைத் தொழில் தகுதியை வாங்கியவர்களுக்கு ஆபிட்டூர் இல்லாமலேயே பல்கலைக்கழகத்தில் சேரும் உரிமையை 2009-ல் மாநிலங்கள் பொதுவாக ஏற்றுக்கொண்டன. ஆசிரியரின் பரிந்துரை உங்கள் மாநிலத்தில் ஆலோசனையா, கட்டாயமா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பவேரியாவில் அது இறுக்கம், வேறு பல மாநிலங்களில் பெற்றோரின் முடிவே கடைசி.

மூன்றாவது முறையும் தோற்றுவிட்டால் வேறு பல்கலைக்கழகத்தில் அதே படிப்பைத் தொடரலாமா?

பொதுவாக முடியாது. வேறு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது, இந்தப் படிப்பில் தேர்வு உரிமையை இழக்கவில்லை என்று பழைய இடத்திலிருந்து சான்று கேட்பார்கள். அதே படிப்புக்கு நாடு முழுவதும் அநேகமாகக் கதவு சாத்திவிடும். மிக நெருங்கிய படிப்புகளுக்கும் சில மாநிலங்களில் அப்படியே. தோற்ற பாடம் கட்டாயமாக இல்லாத வேறு படிப்புக்கு மாறலாம். பல்கலைக்கழகத்திலிருந்து ஹோக்ஷூலேக்கு மாற முடிகிற இடங்களும் உண்டு. ஆனால் விசா அந்தப் படிப்பின் பெயரில் இருப்பதால், மாறுவதற்கு முன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் பேசியாக வேண்டும்.

இரண்டாவது முறை தோற்ற அன்றே செய்ய வேண்டியவை சில. திருத்திய விடைத்தாளைப் பார்க்கும் நாளைக் குறித்துக்கொண்டு போங்கள். எங்கே மதிப்பெண் போனது என்பது அங்கே தெரியும், கூட்டலில் பிழை இருந்தால் கேட்கலாம். துறையின் மாணவர் குழுவிடம் பழைய வினாத்தாள்கள் இருக்கும், அவர்கள் கொடுப்பார்கள். பல்கலைக்கழகத்தின் படிப்பு ஆலோசகரிடம் நேரம் கேளுங்கள், அது இலவசம், அங்கே பேசுவது வெளியே போகாது. அந்த செமஸ்டரில் மற்ற பாடங்களைக் குறைத்து, பகுதிநேர வேலையையும் நிறுத்திவிடுங்கள். தேர்வு விதிமுறையைத் திறந்து, மூன்றாம் முயற்சியை எந்தத் தேதிக்குள் எழுதியே தீர வேண்டும் என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள். சில படிப்புகளில் அந்தத் தேதி தாண்டினால், எழுதாமலேயே தோற்றதாகக் கணக்கு.